தானா வந்த கரண்ட்

மின்சாரத்தைப் பற்றி நம் மக்களுக்கு உறுதியாகத் தெரிந்தது இரண்டே விஷயம். போனால் "போச்சு" என்று சொல்ல வேண்டும். வந்தால் "வந்துடுச்சு" என்று கத்த வேண்டும். இரண்டுக்கும் நடுவில் நடப்பதெல்லாம் எர்த்து அண்ணனின் பொறுப்பு.

அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்ப்பாரா என்பது சந்தேகம். யார் வீட்டுக்குள் நுழைந்தாலும் "நல்லா இருக்கீங்களா" என்று கேட்கும் பழக்கம் அவருக்கு இல்லை. "எர்த்து இருக்கா?" என்றுதான் கேட்பார். இருக்கிறது என்றால்தான் நாற்காலியில் முழுதாக உட்காருவார். இல்லை என்றால் நுனியில் உட்காருவார். நண்பர் ஒருவர் காலை உடைத்துக்கொண்டு ஆஸ்பத்திரியில் கிடந்தபோது இவர் பார்க்கப் போனார். போனவர் கட்டிலுக்குப் பின்னால் குனிந்து பிளக் பாயிண்ட்டைப் பார்த்தபடியே, "வலி எப்படி இருக்கு?" என்று விசாரித்தார். "யாரைக் கேக்கற? என்னையா, சுவத்தையா?" என்றாராம் நண்பர்.

அவர் மனைவி தையல் வேலை செய்பவர். தைக்கக் கொடுக்க வரும் பெண்களிடம் இந்தக் கதையைச் சொல்லாமல் அவர் அளவெடுப்பதில்லை. "பொண்ணு பாக்க முதல் தடவை எங்க வீட்டுக்கு வந்தப்ப இந்த மனுஷன் என் முகத்தையே பாக்கல. எங்கப்பா மாட்டி வச்சிருந்த மெயின் போர்டைப் பாத்துட்டு, ஐயோன்னு தலையில கை வச்சாரு. என்னைப் பாத்துத்தான் ஐயோன்னாருன்னு நெனச்சு நான் அன்னிக்கு முழுக்க அழுதேன்."

"போர்டு அப்படி இருந்துச்சு" என்பார் உள்ளேயிருந்து எர்த்து அண்ணன். இத்தனை வருஷமாகியும் மன்னிப்புக் கேட்கும் தொனி அதில் இருக்காது. போர்டின் மேல் அவருக்கு இன்னும் கோபம்.

அவரிடம் இருந்த ஒரு வினோத குணத்தைச் சொல்லியாக வேண்டும். அவர் ரூலைப் பற்றிப் பொய் சொல்ல மாட்டார். பொய்யே பேசாத உத்தமர் என்று யாரும் மயங்க வேண்டாம். மனைவி சமைத்தது நன்றாக இருக்கிறது என்று தினமும் சொல்கிறவர்தான். ஆனால் வயரிங் விதி என்று வந்துவிட்டால், உள்ளதற்கு மேல் ஒரு வார்த்தையும் கீழ் ஒரு வார்த்தையும் கிடையாது. மற்ற எலெக்ட்ரீஷியன்கள் "ரூல் மாறிடுச்சு சார்" என்று கண்ணை உருட்டிப் பாதி வீட்டை மாற்றி வைப்பார்கள். இவரிடம், மாடி வீட்டுக்காரனுக்கு எரிச்சல் கொடுப்பதற்காகவே, "அவன் மோட்டரை எடுத்தே ஆகணும்னு ரூல் இருக்குன்னு ஒரு வார்த்தை சொல்லுங்களேன்" என்று ஒருவர் கெஞ்சினார். "ரூல்ல இல்லையே" என்றார் இவர். "இல்லைன்னா என்ன, சொல்லுங்க." "ரூல்ல இல்லையே." அவ்வளவுதான் பேச்சுவார்த்தை.

இப்படிப்பட்ட மனிதரைக் கிறுக்கு பிடிக்க வைத்தது ஒரு வீடு. அந்த வீட்டிலிருந்து அடிக்கடி போன் வரும். "எர்த்தண்ணே, ரெண்டு பக்கமும் கரண்ட் போச்சு, உடனே வாங்க." இவர் பையைத் தூக்கிக்கொண்டு சைக்கிளை மிதித்து, வியர்வை வழியப் போய் இறங்கினால் வீடு முழுக்க விளக்கு எரியும், விசிறி சுற்றும்.

"தானா வந்துடுச்சுண்ணே!"

ஃபியூஸ் தானாகப் போகும். அதற்காகத்தான் அதைச் செய்கிறார்கள். போன ஃபியூஸ் தானாக வந்ததாக இந்த உலகத்தில் எங்கும் செய்தி இல்லை. அந்த ஒரு வார்த்தை அவர் தொழிலையே கேலி செய்வதுபோல இருந்தது. எரிந்துபோன ஃபியூஸ் கம்பி பீங்கான் கட்டையில் கரியைப் பூசிவிட்டுத்தான் போகும். இங்கே ஃபியூஸ் கட்டையைக் கழற்றிப் பார்த்தால் கழுவித் துடைத்த தட்டு மாதிரி பளிச்சென்று இருக்கும்.

அந்த வீட்டின் அமைப்பை இங்கே சொல்லிவிடுகிறேன். ஒரு காலத்தில் அது ஒரே வீடு. அண்ணன் தம்பி இருவரும் தங்கள் மனைவியரோடு அதில் ஒன்றாக இருந்தார்கள். பெரியவர் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். சின்னவர் கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார், முகம் பார்க்கும் கண்ணாடி. ஒரு நாள் சண்டை வந்தது. எதற்கு என்று பெரியவரைக் கேட்டால் "அவனைக் கேளுங்க" என்பார். சின்னவரைக் கேட்டால் "அவரைக் கேளுங்க" என்பார். அந்த வீட்டில் கடைசியாக இருவரும் ஒத்துப்போன விஷயம் அந்தப் பதில்தான்.

ஹாலின் நடுவில் சுவர் எழுப்புவது என்று முடிவாயிற்று. நாற்காலி, பாத்திரம், வாளி எல்லாவற்றையும் பங்கு போட்டவர்கள் ஃபியூஸ் போர்டிடம் வந்து நின்றார்கள். அது ஹாலுக்கு நட்டநடுவே ஒரு தூணில், தடித்த மரப்பலகையில் இருந்தது. எந்தப் பக்கம் போவது? இந்தப் பக்கம் வைத்தால் அவர் சம்மதிக்கவில்லை, அந்தப் பக்கம் வைத்தால் இவர் சம்மதிக்கவில்லை. அப்போது வேலை பார்த்த யாரோ ஒரு மகானுபாவர் வழி கண்டுபிடித்தார். தூணை இடித்து, பலகையை அதே இடத்தில் இரும்புச் சட்டத்தில் நிறுத்தி, இந்த முகத்தில் மூன்று கட்டை, அந்த முகத்தில் மூன்று கட்டை என்று பொருத்தி, சுவரைப் பலகையைச் சுற்றி எழுப்பினார்கள். சுவரில் ஒரு ஜன்னல், ஜன்னலில் ஒரு பலகை. மெயின் சுவிட்ச்சும் மெயின் ஃபியூஸும் மட்டும் பெரியவர் பக்கம், மூத்தவர் என்ற மரியாதைக்காக. பலகை ஜன்னலை முழுதாக அடைக்கவில்லை. ஓரத்தில் ஒரு கை நுழையும் அளவுக்கு இடைவெளி விட்டுப்போயிற்று.

இதை முதன்முதலில் பார்த்த அன்று எர்த்து அண்ணன் நாற்காலியின் நுனியில்கூட உட்காரவில்லை.

"தானா வருதாம்" என்று வீட்டில் ஒரு நாள் தட்டின் முன்னால் உட்கார்ந்து புலம்பினார். "எப்படி வரும்? மெயின் சுவிட்ச் மேலதான் இருக்கு, பெரியவர் பாத்துட்டாரு. கம்பி அறுபடல. கட்டையில கரி இல்ல."

மனைவி ஊசியில் நூல் கோத்துக்கொண்டே கேட்டார். "கரண்ட் போனா அந்த ஆம்பளைங்க என்ன பண்ணுவாங்க?"

"என்ன பண்ணுவாங்க? டிவி போச்சு, ஃபேன் போச்சு. வாசலுக்குப் போய் நிப்பாங்க. இவர் இந்தப் பக்கம் திரும்பிக்கிட்டு, அவர் அந்தப் பக்கம் திரும்பிக்கிட்டு."

"பொம்பளைங்க?"

"அவங்க ரெண்டு பேரும் போர்டுகிட்ட வருவாங்க. ஃபியூஸைப் பாக்க."

"ரெண்டு பேருமா?"

"ஆமா. ஆளுக்கொரு பக்கம்."

மனைவி நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். "உங்களுக்குக் கம்பியில ஓடுறது மட்டும்தான் தெரியும். சாப்பிடுங்க."

எர்த்து அண்ணனுக்கு அப்போதுதான் விளங்கியது. பெரியவரின் மனைவி, அந்த வீட்டின் மூத்த மருமகளுக்கு இடுப்பில் கோளாறு. வாசல்படி இறங்குவதே அபூர்வம். போன் பெரியவரின் சட்டைப் பையில் இருக்கும். அந்த அம்மாவுக்குப் பிள்ளை கிடையாது. ஆனால் சின்னவரின் மனைவியான இளைய மருமகளின் ஒரே மகள் பிறந்ததிலிருந்து சுவர் எழும்பும்வரை அவர் மடியில்தான் வளர்ந்தாள். அந்தப் பெண் இப்போது தொலைவில் எங்கோ குடும்பமாக இருக்கிறாள். அவளைப் பற்றிய சேதியெல்லாம் இளைய மருமகளின் போனில் வரும். நடுவில் சுவர்.

ஆக, பெரியவர் டிவியில் மூழ்கியிருக்கும்போது மூத்த மருமகள் மெயின் ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கிச் சமையலறை டப்பாவில் போட்டுவிடுவார். இரண்டு வீடும் இருட்டு. ஆண்கள் வாசலுக்கு. பெண்கள் போர்டுக்கு. பேசி முடித்தால் கட்டை திரும்ப ஏறும். தானா வந்துடுச்சு.

விஷயம் தெரிந்தபின் எர்த்து அண்ணன் நிம்மதியாகத் தூங்கினார். அதன்பிறகும் போன் வந்தால் போவார். சைக்கிளை மட்டும் கொஞ்சம் மெதுவாக மிதிப்பார்.

இது இப்படியே போயிருக்கும். கெடுத்தவர் பெரியவர். கணக்கு வாத்தியாருக்கு ஒரு விடை அடிக்கடி தப்பாக வந்தால் பொறுக்காது. ஃபியூஸ் கம்பி மெலிசாக இருப்பதால்தான் இந்தத் தொல்லை என்று அவரே கண்டுபிடித்து, ஒரு நாள் பழைய ஒயரை உரித்து, செம்புக் கம்பியில் பல இழைகளைச் சேர்த்து முறுக்கி மெயின் ஃபியூஸில் கட்டிவிட்டார். "இனிமே ஜென்மத்துக்கும் போகாது" என்று மனைவியிடம் பெருமை வேறு. ஃபியூஸ் என்பது நமக்குப் பதிலாகச் சாகச் சம்மதித்த ஒரு துண்டுக் கம்பி. அதைச் சாகவிடாமல் செய்தால் அடுத்து யார் முறை என்று அவர் யோசிக்கவில்லை.

குளிர் வந்தது. இரண்டு வீட்டிலும் வெந்நீர் ஹீட்டர், இஸ்திரிப் பெட்டி, அடுப்பு எல்லாம் ஒரே காலையில் ஓடின. கம்பி போகவில்லை. பலகை சூடாயிற்று. இந்த முறை போன் செய்தவர் மூத்த மருமகளே. கணவரின் சட்டைப் பையிலிருந்து எடுத்து, அவர் குளிக்கும்போது.

"அண்ணே, போர்டுகிட்ட ஏதோ தீயற வாசனை வருது. இந்தத் தடவை நான் எதுவும் பண்ணல, சத்தியமா."

அன்று எர்த்து அண்ணன் சைக்கிளை மெதுவாக மிதிக்கவில்லை. வந்ததும் மெயினை இறக்கினார். பலகையின் பின்புறத்தில் பொருக்குத் தட்டிய தோசைக்கல் மாதிரி கறுப்பு படர்ந்திருந்தது. பெரியவரின் செம்பு முறுக்கைக் கழற்றி உள்ளங்கையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார்.

"நல்ல கனமான கம்பி போட்டிருக்கேன் இல்ல?" என்றார் பெரியவர்.

"போட்டிருக்கீங்க. இன்னும் கொஞ்ச நேரம் விட்டிருந்தா கம்பி மட்டும் மிஞ்சியிருக்கும். வீடு இருந்திருக்காது."

பெரியவர், மனைவி நிற்கும் இடத்தையும் பலகை இருக்கும் இடத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

எர்த்து அண்ணன் தீர்ப்புச் சொன்னார். பலகை போக வேண்டும். விதிப்படி ஒவ்வொரு வீட்டுக்கும் தனி மீட்டர், தனி மெயின், தனிப் பெட்டி. பீங்கான் கட்டைக்குப் பதில், லோடு மீறினால் தானே விழும் எம்சிபி சுவிட்ச். ஆளைக் காப்பாற்ற, கரண்ட் கசிந்தால் உடனே அணைத்துவிடும் ஒரு லீக்கேஜ் ட்ரிப்பர். எர்த்து, இதைச் சொல்லவே வேண்டாம். அவரவர் வாசல் பக்கம், கைக்கு எட்டும் உயரத்தில். இதைப் பெரியவரிடம் ஒரு முறை, சுற்றிப் போய்ச் சின்னவரிடம் ஒரு முறை சொன்னார். இருவரும் தலையாட்டிவிட்டு, பேசி வைத்துக்கொண்ட மாதிரி ஒரே வாக்கியத்தைச் சொன்னார்கள்.

"அப்படியே அந்த ஓட்டையை அடைச்சுடலாம்."

அன்று அவர் கிளம்பும்போது போர்டு ஓரத்து இடைவெளியிலிருந்து "ஸ்ஸ்" என்று சத்தம் வந்தது. அந்தப் பக்கம் இளைய மருமகளின் பாதி முகம் தெரிந்தது. இந்தப் பக்கம் மூத்த மருமகள் சுவரைப் பிடித்தபடி நின்றிருந்தார்.

"அண்ணே, உங்களுக்கு எல்லாம் தெரியும்னு எங்களுக்குத் தெரியும்" என்றார் இளையவர். "ஓட்டையை அடைக்கக் கூடாதுன்னு ரூல் இருக்குன்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க. காத்தோட்டம், அது இதுன்னு எதாவது. நீங்க சொன்னா ரெண்டு பேரும் கேட்டுக்குவாங்க."

எர்த்து அண்ணன் கழுத்தைச் சொறிந்தார். "ரூல்ல இல்லையேம்மா."

"இல்லைன்னு அவங்களுக்கு எப்படித் தெரியும்?"

"எனக்குத் தெரியுமே."

மூத்த மருமகள் குறுக்கிட்டார். "விடுடி" என்றார். "அவரைச் சங்கடப்படுத்தாத. பொண்ணுக்குக் கொழந்தை பொறந்தப்ப போட்டோ பாத்தாச்சு. பல்லு மொளைச்சது பாத்தாச்சு. இனி நடக்கிறதை நீ பாத்தா நான் பாத்த மாதிரி." சொல்லிவிட்டு இடுப்பைப் பிடித்துக்கொண்டு மெல்ல உள்ளே போனார்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னது தவறாகப் போயிற்று. மனைவி தையல் மிஷினை நிறுத்தினார். அந்த மிஷின் நிற்பது அபூர்வம்.

"ஒரு பொய். ஒரே ஒரு பொய். நான் பண்ற குழம்பைப் பத்தி எத்தனை சொல்றீங்க! உங்க ரூல்ல மனுஷங்களே கிடையாதா?"

"இருக்காங்க" என்றார் எர்த்து அண்ணன். "அவங்க சாகக்கூடாதுன்னுதான் ரூலே. நாளைக்கு நான் எர்த்து போடுங்கன்னு சொன்னா ஒருத்தன் கேக்கணும். இன்னிக்கு ஒண்ணு இட்டுக்கட்டிட்டா, நாளைக்கு அதையும் இட்டுக்கட்டினேன்னு நெனச்சுட்டான்னா?"

மனைவி மிஷினை மறுபடி கடகடவென்று ஓட்டினார். கோபம் தணியவில்லை. அன்று குழம்பு நன்றாக இருக்கிறது என்று அவர் சொன்னபோது, "அது ரூல்ல இருக்கா?" என்று கேட்டார்.

மின்வாரியம் இரண்டு மீட்டர் கொடுத்தது. வேலை தொடங்கியது. இந்தப் பக்கம் ஒரு பெட்டி, அந்தப் பக்கம் ஒரு பெட்டி. வரிசையாக வெள்ளை எம்சிபிகள், நடுவில் பட்டன் வைத்த ட்ரிப்பர். எர்த்து அண்ணன் எர்த்துக்குழி தோண்டுவதை மட்டும் யாரிடமும் விடவில்லை. தானே தோண்டினார், சிரித்த முகத்தோடு.

எல்லாம் முடிந்து இரண்டு மெயினையும் ஏற்றினார். விளக்கு எரிந்தது. பெரியவர் பரீட்சித்துப் பார்க்க மொட்டை மாடி விளக்கின் சுவிட்ச்சைப் போட்டார். டப். இரண்டு வீடும் இருட்டு.

"பாத்தீங்களா, அவன் எதோ பண்றான்!" என்றார் பெரியவர்.

"அவரு என்னவோ பண்றாரு!" என்று சுவருக்கு அந்தப் பக்கமிருந்து குரல்.

மறுபடி ஏற்றினார். மாடி விளக்கு. டப்.

எர்த்து அண்ணனுக்குப் புரிந்துவிட்டது. அன்று பங்கு போட்டபோது ஆளுக்கு மூன்று ஃபியூஸ் கட்டை என்று எண்ணி எண்ணிப் பிரித்தார்கள். கரண்ட் போகிற கம்பியைத்தான் எல்லோரும் பங்கு கேட்டார்கள். திரும்பி வருகிற கம்பியை, அந்த அப்பாவி நியூட்ரலை, யாருமே கேட்கவில்லை. மாடி விளக்குக்குக் கரண்ட் அண்ணன் வீட்டிலிருந்து போய், தம்பி வீட்டு வழியாகத் திரும்பி வந்துகொண்டிருந்தது. சண்டை போட்ட நாளிலிருந்து அந்த ஒரு விளக்கை மட்டும் இருவரும் சேர்ந்தே எரித்திருக்கிறார்கள். பழைய போர்டுக்கு அது தெரியாது. புதிய ட்ரிப்பரின் வேலையே போனதையும் வந்ததையும் ஒப்பிட்டுப் பார்ப்பதுதான். அண்ணன் வீட்டில் போனது திரும்பவில்லை. தம்பி வீட்டில் போகாதது வந்து நிற்கிறது. இரண்டும் பயந்துபோய் அணைத்துக்கொண்டன.

எந்த இடத்தில் கம்பி கலந்திருக்கிறது என்று பார்க்க வேண்டும். பலகையை எடுத்துவிட்ட ஓட்டையில்தான் இரண்டு வீட்டுக் கம்பிகளும் சேர்ந்து தொங்கின. ஏணியில் இரண்டு படி ஏறி, கம்பிகள் தொங்கிய மேல்விளிம்புக்கு நேராக, ஓட்டையை மறைத்தபடி நின்றார். ஒவ்வொரு கம்பியாகப் பிரித்துப் பிரித்துப் பார்க்க, இந்த வீட்டில் ஒருவர் மெயினை ஏற்றி இறக்க வேண்டும், அந்த வீட்டில் ஒருவர் ஏற்றி இறக்க வேண்டும். ஒருவர் ஏற்றும்போது மற்றவர் இறக்கியே வைத்திருக்க வேண்டும். தப்பினால் ஏணியில் நிற்பவர் கதை முடிந்தது.

"அவனை இறக்கச் சொல்லுங்க" என்றார் பெரியவர்.

"இறக்கியாச்சுன்னு சொல்லுங்க" என்றார் சின்னவர்.

"இறக்கியாச்சாம்" என்றார் எர்த்து அண்ணன். "நீங்க ஏத்துங்க."

இப்படி ஒரு சுற்று போயிற்று. அடுத்த சுற்றில் எர்த்து அண்ணன் ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக் குறுக்கே பல்லில் கடித்துக்கொண்டார். இரண்டு கையிலும் ஒயர். வைக்க வேறு இடம் இல்லை. சட்டைப் பை காலியாகத்தான் இருந்தது என்று அவர் மனைவி பிற்பாடு சொன்னார். மனைவி அங்கே இல்லை, ஆகவே அதைச் சாட்சியாக எடுத்துக்கொள்ள முடியாது.

"இறக்கிட்டானான்னு கேளுங்க" என்றார் பெரியவர்.

"ம்ம்ம்" என்றார் எர்த்து அண்ணன்.

"என்ன?"

"ம்ம்."

"என்ன சொல்றாரு? இறக்கிட்டானா இல்லையா? ஏத்தவா வேண்டாமா?" ஏணியில் ஒரு மனிதனின் உயிர். கணக்கு வாத்தியார் சுவரைப் பார்த்துக் கத்தினார். "டேய்! இறக்கிட்டியாடா?"

சுவருக்கு அப்பாலிருந்து, "இறக்கிட்டேன்" என்று வந்தது. கொஞ்சம் கழித்து, "ண்ணா" என்று ஒரு பாக்கியும் வந்தது.

"ஏத்தறேன்."

"ஏத்து."

"இறக்கிட்டேன். நீ ஏத்து."

"ஏத்தியாச்சு."

ஒரு கம்பி முடிந்து அடுத்த கம்பிக்குப் போகும்போது எர்த்து அண்ணன் ஏணியைக் கொஞ்சம் நகர்த்தினார். ஓட்டை காலியாயிற்று. அண்ணனும் தம்பியும் அதன் வழியே நேருக்கு நேர் நின்றார்கள். தெருவில் எதிரே வரும்போதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொண்டவர்கள்.

"டேய்" என்றார் பெரியவர். "உன் முடியெல்லாம் எங்கடா?"

"உன் பக்கம் வந்திருக்கும், தேடிப் பாரு" என்றார் சின்னவர்.

யாரும் சிரிக்கவில்லை. ஆனால் அதற்குப்பின் இருவரும் எர்த்து அண்ணனிடம் எதையும் சொல்லச் சொல்லவில்லை. கலப்புக் கம்பி கிடைத்தது. மாடி விளக்குக்கு அண்ணன் வீட்டிலிருந்தே புது நியூட்ரல் போயிற்று. இரண்டு வீடும் கம்பி வகையில் முழுதாகப் பிரிந்தன. ட்ரிப்பர்கள் சாந்தமாயின.

கொத்தனார் வெளியே சிமெண்ட் குழைத்துக்கொண்டிருந்தார். செங்கல் வந்து அடுக்கப்பட்டிருந்தது. ஓட்டையின் இரண்டு பக்கமும் இரண்டு மருமகள்களும் வந்து நின்றார்கள். இனி இருட்டு தேவையில்லை, வேலை நடக்கிறது, வேடிக்கை பார்க்கலாம்.

பெரியவர் கேட்டார். "சொல்லுங்க எர்த்து. ஓட்டையை எப்படி அடைக்கணும்? ரூல் என்ன சொல்லுது?"

இளைய மருமகளின் கண் அவர் மேலேயே இருந்தது. எர்த்து அண்ணன் கையைத் துணியில் துடைத்தார். துடைத்த கையை மறுபடி துடைத்தார்.

"ரூல்ல ஓட்டையைப் பத்தி ஒண்ணும் இல்லீங்க."

"ஒண்ணுமே இல்லையா?"

"ஒயர் இருந்தா எனக்கு ரூல் உண்டு. ஒயர் இல்லாத ஓட்டையைப் பத்தி எனக்கு ஒண்ணும் தெரியாது. அடைக்கணும்னும் இல்ல. அடைக்கக் கூடாதுன்னும் இல்ல."

"அப்ப யாருதான் சொல்றது?"

"உங்க சுவரு."

அண்ணன் தம்பி இருவரும் தடுமாறிப்போனார்கள். அடைக்க வேண்டும் என்று ரூல் சொல்லியிருந்தால் நல்ல பிள்ளைகளாக அடைத்திருப்பார்கள். இப்போது அவர்களே அடைக்க வேண்டும். அது வேறு விஷயம். கொத்தனார் சட்டியோடு உள்ளே வந்து நின்றார்.

மூத்த மருமகள் பேசினார். ஆண்கள் இருக்கும்போது அந்த ஓட்டையில் அவர் குரல் கேட்டது அதுதான் முதல் தடவை. "அடைக்கிறதுன்னா அடைங்க. அதுக்கு முன்னாடி அந்தக் கொழந்தை போட்டோவை ஒரு தடவை வெளிச்சத்துல காட்டிடுடி. இத்தனை நாளும் இருட்டுலயே பாத்துட்டேன்."

இளைய மருமகள் போனை நீட்டினார். ஓட்டை வழியே கை வந்தது. மூத்த மருமகள் மூக்குக் கண்ணாடியைத் தேடாமல் அப்படியே வாங்கிப் பார்த்தார். "உங்க மூக்குதான்" என்றார், யாரையும் பார்க்காமல். அது சின்னவருக்கா பெரியவருக்கா என்று தெரியவில்லை. இருவருக்கும் ஒரே மூக்கு.

பெரியவர் மெதுவாகக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார். "இருட்டுலன்னா... அப்ப அந்தக் கரண்ட்டு..."

"நான்தான் கழட்டுவேன்" என்றார் மனைவி.

"தானா வந்ததெல்லாம்?"

"நான்தான் மாட்டுவேன்."

பெரியவர் நாற்காலியில் உட்கார்ந்தார். கம்பியை முறுக்கி முறுக்கிக் கட்டிய தன் விரல்களைப் பார்த்தார். சமையலறைப் பக்கம் பார்த்தார். பின்பு தொண்டையைச் செருமிக்கொண்டு, பெரிய சந்தேகம் கேட்கிறவர் போல, "எர்த்து, அடைக்கணும்னு ரூல் இல்லைன்னுதானே சொன்னீங்க?" என்றார்.

"ஆமாங்க."

"நல்லாத் தெரியுமா?"

"எனக்குத் தெரியுமே."

பெரியவர் ஓட்டையை நோக்கிக் குரல் கொடுத்தார். "டேய், அடைக்கணும்னு ரூல் இல்லையாம்டா."

சின்னவர் அந்தப் பக்கம் எழுந்து வந்தார். "ரூல் இல்லாததை நாம எதுக்குண்ணா பண்ணணும்? நாம என்ன சட்டத்தை மீறற ஆளா?"

"அதைத்தான் நானும் சொல்றேன்."

"அப்ப குழைச்ச சிமெண்ட்டை நான் என்ன பண்றது?" என்றார் கொத்தனார்.

அந்தச் சிமெண்ட்டில் ஓட்டையின் அடிப்பக்கம் சமமாக ஒரு மேடை போட்டுக் கொடுத்தார். இரண்டு டம்ளர் தாராளமாக நிற்கும்.

அதற்குப்பின் அந்த வீட்டிலிருந்து எர்த்து அண்ணனுக்குப் போன் வரவில்லை. போன் வராத வீட்டுக்கு அவர் போவது வழக்கமில்லை. ஆனால் ட்ரிப்பரின் பட்டனை அவ்வப்போது அமுக்கிப் பரிசோதிக்க வேண்டும் என்று இரண்டு வீட்டாருக்கும் சொல்லிவிட்டு வந்திருந்தார். செய்கிறார்களா என்று பார்க்க ஒரு மாலையில் போனார். மூத்த மருமகள் ஓட்டையருகே ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். மேடையில் இரண்டு டம்ளர். ஒன்று காலி, ஒன்றில் ஆவி.

"எர்த்து இருக்கா?" என்று கேட்டார் அந்த அம்மா, அவர் வாயைத் திறக்கும் முன்பே. சிரிப்பு வேறு.

பெரியவர் உற்சாகமாக எழுந்தார். "நல்ல நேரத்துல வந்தீங்க. பட்டன் அமுக்குற நாள் இன்னிக்குத்தான்." பெட்டியருகே போய் நின்றுகொண்டு ஓட்டையைப் பார்த்துக் கத்தினார். "டேய்! பட்டனை அமுக்கப் போறேன். உன் வீட்டுலயும் போயிடும். டிவி பாத்துக்கிட்டிருந்தா நிறுத்திக்கோ!"

"இருண்ணா, இரு! நான் வந்துடறேன்" என்று சின்னவர் ஓடிவந்து ஓட்டையில் தலையை நீட்டினார். "ம், அமுக்கு."

டப். பெரியவர் வீடு மட்டும் அணைந்தது. சின்னவர் வீட்டு விளக்கு ஓட்டை வழியே இந்தப் பக்கம் வந்து விழுந்தது.

"உன் பக்கம் போகலையா?" என்றார் பெரியவர்.

"போகலையே. கொஞ்சம் லேட்டாப் போகுமோ என்னவோ. நிப்போம்" என்றார் சின்னவர்.

இருவரும் நின்றார்கள். நின்றபடியே கண்ணாடிக் கடை வியாபாரம், முழங்கால் வலி, பேத்தியின் பல் என்று பேச்சு எங்கெங்கோ போயிற்று. இந்த வீட்டில் பட்டனை அமுக்கினால் அந்த வீட்டில் போகவே போகாது. நியூட்ரலைப் பிரித்த அன்றோடு அந்தச் சங்காத்தம் தீர்ந்தது. எவ்வளவு நேரம் நின்றாலும் போகாது. தவறான மின்சாரக் கருத்து ஒன்று கண்ணெதிரே நடமாடுவதைக் கண்டால் எர்த்து அண்ணனால் பொறுக்க முடியாது. ஆஸ்பத்திரியில், கடைத்தெருவில், மாமனார் வீட்டில், எங்கேயும் பொறுத்ததில்லை. வாயைத் திறந்தார்.

பெரியவர் அவர் பக்கம் திரும்பினார். "என்ன எர்த்து, எதோ சொல்ல வந்தீங்களே?"

எர்த்து அண்ணன் பையைத் துழாவி ஸ்க்ரூ டிரைவரை எடுத்துப் பல்லில் கடித்துக்கொண்டார்.

"ம்ம்ம்" என்றார்.